கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து தேவையா? விவாகரத்து முதலில் ஆக வேண்டுமா?

கேள்வி: மேடம், நாங்கள் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இருக்கிறோம். என் தங்கைக்கு வயது 23. கல்யாணமாகி 14 மாதம் ஆகிறது. குடி, அடி, சந்தேகம் எல்லாம் தாங்க முடியாமல் இரண்டு மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறாள். இப்போது ஸ்கேனில் 11 வாரக் கர்ப்பம் என்று வந்திருக்கிறது. அவளுக்கு இந்தக் கர்ப்பம் வேண்டாம், விவாகரத்துதான் வேண்டும். தனியார் கிளினிக்கில் கேட்டால் கணவர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். ஊரில் பேசியபோது ஒரு பெரியவர், “முதலில் டைவர்ஸ் ஆகட்டும், அப்புறம்தான் கலைக்க முடியும்” என்றார். இன்னொருவர், “புருஷன் சம்மதம் இல்லாமல் கலைத்தால் ஜெயில்” என்றார். கலைத்தால் கேஸ் போடுவோம் என்று மாப்பிள்ளை வீட்டார் மிரட்டுகிறார்கள். எது உண்மை? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். உங்கள் ஊர்க் கூட்டம் இரண்டு தனித்தனிச் சட்டங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் கெடு வாரக் கணக்கில் ஓடும். விவாகரத்துச் சட்டத்தின் கெடு மாதக் கணக்கிலும் வருடக் கணக்கிலும் ஓடும். இரண்டாவது முடியட்டும் என்று காத்திருந்தால் முதலாவதன் கெடு கைவிட்டுப் போய்விடும்.

கணவர் கையெழுத்து தேவையில்லை. 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் (எம்.டி.பி. சட்டம்) கேட்பது கர்ப்பிணியின் சம்மதத்தை மட்டும்தான். 18 வயது நிரம்பாதவர், மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றால் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். உங்கள் தங்கைக்கு அது பொருந்தாது. மருத்துவமனையில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் படிவத்துக்கு ‘படிவம் சி’ என்று பெயர். அதில் ‘இன்னாருடைய மகள் அல்லது மனைவி’ என்று ஒரு வரி இருக்கும். அப்பா பெயரை எழுதினாலே போதும். கணவர் கையெழுத்துக்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. டாக்டர் கேட்டால், எந்தப் படிவத்தில், எந்த இடத்தில் என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். பிறகு சண்டைக்கு வருவார்களே என்ற பயத்தில் மருத்துவமனைகள் தங்கள் பாதுகாப்புக்காக வைத்துக்கொண்ட வழக்கம் அது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை, அதாவது குடும்பத்தார் சம்மதம், கூடுதல் ஆவணம், நீதிமன்ற அனுமதி போன்றவற்றை, டாக்டர்கள் கேட்கக் கூடாது.

இப்போது வாரக் கணக்கு. மாத்திரையால் கலைக்க விதிகள் அனுமதிப்பது 9 வாரம் வரை. உங்கள் தங்கை அதைத் தாண்டிவிட்டார். ஆகவே யாராவது மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம். ராத்திரி ரத்தப்போக்கு அதிகமானால், மழையும் மண்சரிவும் உள்ள மலைப்பாதையில் 108 வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த கோடு 12 வாரம். அதற்குள் என்றால் இதற்கென்று பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். டாக்டரே செய்யலாம். தாண்டினால் மகப்பேறு நிபுணரோ அந்தத் துறையில் விதிப்படி அனுபவம் உள்ள டாக்டரோ வேண்டும். செய்யும் இடங்களும் குறையும், செயல்முறையும் பெரிதாகும். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை இரண்டு டாக்டர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும், அதுவும் விதிகளில் குறிப்பிட்ட சில பிரிவினருக்கு மட்டும். 24க்கு மேல் என்றால் சிசுவுக்குப் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும், அல்லது தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகச் செய்தாக வேண்டும். 2023 அக்டோபரில் 26 வாரம் தாண்டிய திருமணமான ஒரு பெண்ணுக்கு உச்ச நீதிமன்றமே அனுமதி மறுத்தது. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

‘டைவர்ஸ் முதலில்’ என்று பெரியவர் சொன்னது எங்கிருந்து வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 20 முதல் 24 வாரத்துக்கான பிரிவினர் பட்டியலில், கர்ப்பமாக இருக்கும்போது திருமண நிலை மாறியவர்கள், அதாவது விதவையானவர்கள், விவாகரத்தானவர்கள் என்று ஒரு வரி உண்டு. பத்திரிகையில் பாதியைப் படித்துவிட்டு, விவாகரத்தானவர்தான் கலைக்க முடியும் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். அந்த வரி தாமதமாக வருபவர்களுக்குத் திறந்துவைத்த கூடுதல் கதவு. 20 வாரத்துக்குள் இருப்பவருக்கு அது தேவையே இல்லை. அந்தக் கூடுதல் கதவுக்குக்கூடத் தீர்ப்பு நகல் கட்டாயமில்லை என்று 2022 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. கணவரைப் பிரிந்துவந்த, விவாகரத்து ஆகாத 21 வயதுப் பெண்ணின் வழக்கு அது. திருமண உறவில் ஏற்பட்ட மாற்றமே திருமண நிலை மாறியதற்குச் சமம், கணவர் அனுமதியும் தேவையில்லை என்பது தீர்ப்பு.

டாக்டரிடம் என்ன சொல்வது? உள்ளதைச் சொல்லுங்கள். ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து நம் சட்டம் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. இந்தக் கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான பாதிப்பு வரும் என்று டாக்டர் நல்லெண்ணத்தோடு கருத வேண்டும். அப்படிக் கருதும்போது அவள் இப்போது வாழும் சூழலையும் இனி வரப்போகும் சூழலையும் கணக்கில் எடுக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. அடி தாங்காமல் வந்தது, திரும்பிப் போக முடியாதது எல்லாம் அந்தச் சூழலில் அடங்கும். கருத்தடை முறை தோற்று உண்டான கர்ப்பம் என்றால் மனப் பாதிப்பு இருப்பதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். 2021 திருத்தத்துக்கு முன் இந்தச் சலுகை ‘திருமணமான பெண், அவள் கணவர்’ என்று எழுதப்பட்டிருந்தது. இப்போது ‘எந்தப் பெண்ணும், அவள் துணையும்’. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமை தந்த பழைய தீர்ப்பை மாற்றியபோது இங்கும் தடை வந்துவிட்டது என்று ஊட்டி மார்க்கெட் வரை பேச்சு. நம் நாட்டில் அதே வருடம் நடந்தது அதற்கு நேர் எதிர். ஆனாலும் கடைசிச் சொல் பெண்ணிடம் இல்லாமல் டாக்டரின் பேனாவில் இருப்பது இந்தச் சட்டத்தின் பெரிய குறை என்பது என் கருத்து. கிளினிக்குகளுக்குப் பயப்பட இடம் கொடுப்பதும் அதுதான்.

எங்கே போவது? அரசு மருத்துவமனைக்கு இதற்கென்று தனி அங்கீகாரம் தேவையில்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் கேளுங்கள். தனியார் என்றால் அரசு அங்கீகாரச் சான்றிதழ் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும், அது இல்லாத இடத்தில் காலை வைக்காதீர்கள். கோத்தகிரியில் நர்ஸும் தெரிந்தவர், ஆயாவும் தெரிந்தவர் என்ற கூச்சம் இருந்தால் கோவைக்கும் போகலாம், சொந்த ஊரில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை. பெயரையோ விவரத்தையோ வெளியே சொல்லும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

ஒன்றை உங்களிடமும் சொல்லியாக வேண்டும். கடிதம் எழுதியது நீங்கள், முடிவு உங்கள் தங்கையுடையது. டாக்டரைப் பார்க்கும்போது அவர் தனியாகப் பேசட்டும். பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 89ஆவது பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். மாமியார் வீட்டுக்கும் தாய் வீட்டுக்கும் அது ஒன்றுதான். உங்கள் இன்னொரு பெரியவர் சொன்ன ஜெயில் வருவது இப்படிச் செய்பவர்களுக்கும், அங்கீகாரமில்லாத இடத்தில் கைவைப்பவர்களுக்கும். தானாக எதையாவது குடித்துக் கலைத்துக்கொள்ளும் பெண்கூட 88ஆவது பிரிவில் மாட்டலாம். சட்டப்படி மருத்துவமனைக்குப் போகும் பெண்ணை எந்தக் கணவரும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது.

மாப்பிள்ளை வீட்டாரின் மிரட்டலுக்கு வருவோம். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. 2007இல் உச்ச நீதிமன்றம் ஒரு விவாகரத்து வழக்கில், எவையெல்லாம் மனரீதியான கொடுமை ஆகலாம் என்று உதாரணங்கள் அடுக்கியது. மருத்துவக் காரணம் இல்லாமலோ, கணவருக்குத் தெரியாமல் அல்லது அவர் சம்மதம் இல்லாமலோ மனைவி கருவைக் கலைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். ஆனால் ‘ஆகலாம்’ என்றுதான் நீதிமன்றம் சொன்னது, ஒவ்வொரு வழக்கையும் அதன் சூழ்நிலையில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. 2022இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது பெண்ணின் உரிமை, அவளைப் பெறச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று கூறி, இதே மாதிரி கொடுமைக் குற்றச்சாட்டை ஏற்க மறுத்தது. இன்னும் பச்சையாகச் சொல்கிறேன். அவர்கள் ஜெயித்தால் என்ன கிடைக்கும்? விவாகரத்து. அதைத்தானே உங்கள் தங்கையும் கேட்கிறார்! நிரந்தர ஜீவனாம்சம் பேசும்போது இரு தரப்பு நடத்தையையும் நீதிமன்றம் பார்க்கும் என்பதால், அடிபட்டபோது காட்டிய மருத்துவச் சீட்டு, போலீஸில் கொடுத்த மனு ரசீது, வாட்ஸ்அப் மிரட்டல்கள் இவற்றையெல்லாம் பத்திரமாக வையுங்கள். கருக்கலைப்புக்கு டாக்டர் எழுதும் காரணமும் எதிர்த்தரப்பு வைக்கும் வாதத்துக்கு உங்கள் பதில்.

விவாகரத்து எப்போது கிடைக்கும்? இந்து திருமணச் சட்டப்படி கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் பொதுவாக மனுப் போட முடியாது. உங்களுக்கு 14 மாதம், அந்தத் தடை தாண்டியாயிற்று. பரஸ்பர சம்மதம் என்றால் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இரண்டு மாதம் போதாது. மனுப் போட்ட பிறகும் ஆறு மாதக் காத்திருப்பு. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் நீதிபதி தளர்த்தலாம் என்றது. ஆனால் தீர்ப்பு வரும்வரை கணவர் ஒருவரே சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பதை மறக்காதீர்கள். கொடுமை என்ற காரணத்தில் தனியாக மனுப் போட்டால் ஒரு வருடப் பிரிவு தேவையில்லை. அந்த வழக்கு வாய்தா வாய்தாவாக இழுக்கும், அது வேறு விஷயம். மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தை அந்தக் காரணத்துக்காகவே முடிக்க 1978இலேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 2013இல் மாநிலங்களவை மசோதா நிறைவேற்றியது, மக்களவையில் காலாவதியானது. இன்றுவரை அந்த அதிகாரம் அரசமைப்புச் சட்டம் 142ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்திடம் மட்டும் இருக்கிறது. கோத்தகிரிப் பெண் அதற்கு டெல்லி போக வேண்டுமாம்.

படுகர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் இந்து திருமணச் சட்டம் உங்களுக்கு நேராகப் பொருந்தும். இதைப் படிக்கும் தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் வீட்டார் கவனிக்க: பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் தானாகப் பொருந்தாது, உங்கள் வழக்காறுதான் பேசும். கருக்கலைப்புச் சட்டத்தில் அந்த வித்தியாசம் எதுவும் இல்லை.

மனுவைத் தங்கை இப்போது வசிக்கும் இடத்தின் நீதிமன்ற எல்லையிலேயே போடலாம், கணவர் ஊருக்கு அலைய வேண்டாம். மாதாமாதம் செலவுக்கு இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 144ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஊட்டியில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். மிரட்டல் கூடினால் பெண்கள் உதவி எண் 181.

கடைசியாக ஊர்க் கூட்டம். பெரியவர்கள் நல்ல மனதோடே முத்திரைத்தாளில் ஒன்று எழுதிக் கையெழுத்து கேட்பார்கள். அந்தத் தாளால் கல்யாணம் முறியாது. சமூகத்தில் நீண்டகாலமாக நிலைத்த விவாகரத்து வழக்கம் இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் அதற்கு மதிப்பு. அதைவிட ஆபத்து அதில் வழக்கமாக எழுதும் வாசகம்: ‘நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்’. பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று 144ஆவது பிரிவிலேயே ஒரு விதி இருக்கிறது. நாளைக்கு மாதச் செலவுக்கு மனுப் போடும்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். யார் கேட்டாலும், வக்கீல் படித்துப் பார்க்காமல் உங்கள் தங்கை அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.