நைஸுக்கு எதிர்ப்பதம் என்ன?

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஆங்கிலத்தில் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். பத்துச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பொருள், இணைச்சொல், எதிர்ச்சொல் எழுத வேண்டும். அதில் ஒன்று ‘நைஸ்’. இவள் எதிர்ச்சொல்லாக ‘ரஃப்’ என்று எழுதிவிட்டாள். டீச்சர் சிவப்பு மையில் அடித்துவிட்டு ‘நாஸ்டி’ என்று திருத்தியிருக்கிறார். ஏன்டி அப்படி எழுதினாய் என்று கேட்டால், “பாட்டி மாவு மில்லுல நைஸா அரைங்கன்னுதானே சொல்றாங்க, நைஸா இல்லைன்னா ரஃப்தானே” என்கிறாள். சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை. எது சரி? இந்தச் சொல்லை ஒரே சொல்லில் தமிழில் சொல்ல முடியுமா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். டீச்சர் திருத்தியதில் தப்பில்லை, ஆங்கிலப் பாடத்தில் எதிர்பார்க்கும் விடை அதுதான். ஆனால் உங்கள் மகள் ஒன்றும் உளறவில்லை. டீச்சர் ஒரு நைஸைக் கேட்டார், அவள் இன்னொரு நைஸுக்குப் பதில் எழுதினாள், அவ்வளவுதான். ஒரு சொல்லைத் தனியாக எடுத்துப் பலகையில் எழுதி இதற்கு எதிர்ப்பதம் சொல் என்று கேட்பதே கொஞ்சம் அநியாயமான கேள்வி. அந்தச் சொல் எந்த வாக்கியத்தில் இருந்தது என்று தெரிந்தால்தான் எதிரில் யாரை நிறுத்துவது என்று தெரியும்.

இந்தச் சொல்லின் பூர்வீகம் தெரிந்தால் உங்கள் மகள் இன்னும் சிரிப்பாள். லத்தீனில் ‘ஸ்கிரே’ என்றால் அறிதல், அதன் முன்னால் ‘நெ’ என்ற இல்லைப் பொருளைச் சேர்த்தால் ‘நெஸ்கியுஸ்’, அதாவது ஒன்றும் அறியாதவன். பழைய பிரெஞ்சு வழியாக அதுதான் நைஸ் ஆகி, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அப்போது ஒருவரைப் பார்த்து நைஸ் என்றால் மடையன் என்று பொருள். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். இதில் வேடிக்கை, அதே ஸ்கிரேயிலிருந்து வந்ததுதான் சயின்ஸும். பள்ளிக்கூட டைம்டேபிளில் சயின்ஸ் என்று இருக்கிறதே, அதுவும் நைஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒன்று அறிவு, ஒன்று அறியாமை. (பிரான்சில் இருக்கும் நீஸ் நகரத்துக்கும் அதே எழுத்துகள்தான், ஆனால் அது கிரேக்க நிகையாவிலிருந்து வந்த பெயர், உறவே கிடையாது.)

மடையன் எப்படி நல்லவன் ஆனான்? ஒரே நாளில் இல்லை. ஒன்றும் தெரியாதவன் கூச்சப்படுவான், கூச்சப்படுகிறவன் எதையும் தொடத் தயங்குவான், எல்லாவற்றிலும் குறை பார்ப்பான், குறை பார்க்கிறவன் நுணுக்கம் பார்க்கிறவன் ஆவான், இப்படி நூறு வருஷத்துக்கு ஒரு படி என்று ஏறி 16ஆம் நூற்றாண்டில் நுட்பமான, துல்லியமான என்ற இடத்துக்கு வந்துவிட்டது. இனிமையான என்ற இன்றைய பொருள் ஊன்றியது 18ஆம் நூற்றாண்டில்தான். ஊன்றியதும் கண்ட இடத்திலெல்லாம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தேங்கர் அபே’ நாவலில் ஒரு பெண் ஒரு புத்தகத்தை ரொம்ப நைஸ் என்று சொல்ல, கூட இருக்கும் ஹென்றி டில்னி அதைப் பிடித்துக்கொண்டு, நைஸ் என்றால் நேர்த்தி என்றுதானே அர்த்தம், அப்படியானால் அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று கிண்டலடிப்பான். அந்த நாவல் வெளியானது 1817 இறுதியில், ஆஸ்டின் இறந்த பிறகு. இருநூறு வருஷம் முன்பே இந்தச் சொல் தேய்ந்துபோய்விட்டது என்ற புலம்பல் இருந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிராகப் போனது ‘சில்லி’. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச் சொல்லுக்கு ஆசி பெற்றவன், பாக்கியசாலி என்று பொருள், பிறகு அப்பாவி ஆகி, பரிதாபத்துக்குரியவன் ஆகி, கடைசியில் முட்டாள்தனம் என்று ஆனது. ஒன்று மாடிப்படி ஏறும்போது இன்னொன்று இறங்கிக்கொண்டிருந்தது. நம்மிடம் இல்லையா என்றால், நாற்றத்தின் கதையைச் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் அலுத்துவிட்டது, அதை விடுங்கள். கழகத்தைப் பாருங்கள். குறளில் சூது அதிகாரத்தில் கழகம் என்றால் சூதாடும் இடம், அங்கே காலடி வைத்தால் பழைய செல்வமும் போகும் பண்பும் போகும் என்கிறார். கம்பனுக்கு வந்தால் ‘கலைதெரி கழகம்’, கலை கற்கும் இடம். இன்று பல்கலைக்கழகம்.

சரி, இன்றைய ஆங்கிலத்துக்கு வருவோம். ‘நைஸ் வெதர்’ என்றால் எதிரில் நிற்பது ‘அவ்ஃபுல்’ மாதிரி ஒன்று. மனிதரைப் பற்றிச் சொன்னால் எதிரில் ‘மீன்’, ‘அன்கைண்ட்’, கொஞ்சம் கோபமிருந்தால் டீச்சர் எழுதிய ‘நாஸ்டி’. ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று ஒரு வக்கீல் சொன்னால் அங்கே இனிமையும் இல்லை மண்ணும் இல்லை, இழை பிரித்துப் பார்க்கிற வேறுபாடு என்று பொருள், அதற்கு எதிர்ப்பதம் ‘க்ரூட்’, உங்கள் மகள் எழுதிய ரஃபுக்குப் பக்கத்து வீடு. ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்கிறபோது நம் ‘நல்லா கதகதப்பா’ என்பதில் வரும் நல்லா மாதிரி அது வெறும் அழுத்தம், அதற்கு எதிர்ப்பதம் தேடவே முடியாது. காபியைக் கொட்டிவிட்ட ஆளைப் பார்த்து நைஸ் என்று சொன்னால், எதிர்ப்பதமே அதற்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது, நாம் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்கிற மாதிரி.

இணைச்சொல்லும் இப்படித்தான். ‘கைண்ட்’, ‘ப்ளெசன்ட்’, ‘லவ்லி’ என்று அகராதி வரிசையாக அடுக்கும், ஆனால் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் உட்காராது. மாலை நேரம் ப்ளெசன்டாக இருக்கலாம், கைண்டாக இருக்க முடியாது. என் அனுபவம் ஒன்று. பல வருஷம் முன்பு என் கதை ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை லண்டனில் இருந்த ஒரு நண்பருக்கு அனுப்பினேன். ‘இட்ஸ் நைஸ்’ என்று ஒரு வரி பதில் வந்தது. ஒரு வாரம் தலைகால் புரியவில்லை எனக்கு, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன். அப்புறம் அவரோடு நேரில் பேசும்போதுதான் தெரிந்தது, சொல்ல வேறு எதுவும் இல்லாதபோது அங்கே சொல்கிற சொல் அது. கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்டால் ‘ம், பரவாயில்லை’ என்கிறோமே, அது.

இனி பாட்டியின் நைஸ். மாவு மில்லில் டப்பாவை நீட்டினால் அரைக்கிறவர் கேட்கும் முதல் கேள்வியே ‘நைஸாவா, கொரகொரன்னா?’ என்பதுதான். இடியாப்பத்துக்கு நைஸ், புட்டுக்குக் கொஞ்சம் கொரகொரப்பு. பாட்டி கீழே கொட்டுகிற சூடான மாவில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார், நெருடினால் இன்னொரு ஓட்டு ஓட்டச் சொல்வார். துணியும் நைஸ்தான், பட்டி பார்த்த சுவரும் நைஸ்தான், எதிர்ப்பதம் சொரசொரப்பு. அங்கிருந்து வழுவழுவென்று ஆளுக்கும் தாவியிருக்கிறது: பில் வரும் நேரம் பார்த்து நைசாக நழுவுகிறவர், நைஸ் பண்ணிக் காரியம் சாதிக்கிறவர். இந்த நைஸ் பாராட்டே இல்லை, இதற்கு எதிர்ப்பதம் மூஞ்சிக்கு நேரே சொல்கிறவர்.

ஆங்கிலேயரிடம் வாங்கிய சொல்லை நாம் ஏன் இப்படி மாவில் போட்டோம்? நைதல் என்று நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது, நைந்த துணி, நையப் புடைத்தல், நைய அரைத்தல். ஏற்கெனவே நைய அரைத்துக்கொண்டிருந்த வாய்க்கு நைஸாக அரைப்பது சுலபமாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

ஒரே சொல் கேட்டீர்கள். நல்ல, இனிய என்றெல்லாம் சொல்லலாம், ஆனால் நைஸ் போகிற இடத்துக்கெல்லாம் கூடப் போகிற சொல் ஒன்றுதான் எனக்குத் தெரிந்து: நயம். நயத்தக்க நாகரிகம் என்று குறளில் வரும்போது விரும்பத்தக்கது. கவிதையில் நயம் என்றால் அந்த நுட்பம். மளிகைக் கடைப் பலகையில் ‘நயம் பருப்பு, நயம் நல்லெண்ணெய்’ என்றால் முதல் தரம். நயமாகப் பேசினான் என்றால் இனிமையாகவா, காரியத்துக்காகவா என்று சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், கூட வஞ்சகம் சேர்ந்து நயவஞ்சகமும் ஆகிவிடும். நைஸைப் போலவே நல்லதும் கெட்டதும் ஒரே பையில். அதனால் எல்லா இடத்திலும் நயம் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், ‘நயமான வெயில்’ என்று யாரும் சொல்வதில்லை.

இந்த நயத்துக்கு எதிர்ப்பதம் என்ன என்று உங்கள் மகள் கண்டிப்பாகக் கேட்பாள். நயத்தாலும் பயத்தாலும் என்று சொல்கிறோம் இல்லையா, அங்கே பயம்தான் எதிரில் நிற்கிறது. கடைப் பருப்புக்கு மட்டம். வஞ்சகத்துக்குள் போன நயத்துக்கு வெள்ளந்தி.

மதிப்பெண் விஷயத்தில் டீச்சரிடம் பயம் காட்டப் போக வேண்டாம். வீட்டுப்பாட நோட்டையும் ஒரு சிட்டிகை இடியாப்ப மாவையும் எடுத்துக்கொண்டு போய் நயமாகக் கேட்டுப் பாருங்கள், அரை மதிப்பெண்ணாவது தேறும்.