பிள்ளைகள் கதை எழுத: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். பேசத் தொடங்கினால் நிறுத்தவே மாட்டாள். ஆனால் கதை எழுதச் சொன்னால், 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்' என்று தொடங்கி, ஆறாவது வரியில் 'ஆகவே நாம் பொய் சொல்லக் கூடாது' என்று முடித்துவிடுகிறாள். அவளுக்குக் கற்பனை குறைவோ என்று கவலையாக இருக்கிறது. எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
- வாசகி, மன்னார்குடி

உங்கள் மகளுக்குக் கற்பனை குறைவு என்று நான் நினைக்கவில்லை. எழுத்து என்றால் கட்டுரை நோட்டில் முன்னுரையோடு தொடங்கி முடிவுரையோடு முடிய வேண்டிய ஒன்று என்றும், கதை என்றால் கடைசியில் ஒரு நீதி இருந்தே ஆக வேண்டும் என்றும் அவள் பள்ளியிலும் வீட்டிலும் கற்றுக்கொண்டிருக்கிறாள். தான் பார்த்திராத ராஜாவைப் பற்றி அவளிடம் சொல்வதற்கு ஆறு வரிக்குமேல் எதுவும் இல்லை. அவள் நாள்தோறும் உங்களிடம் ஓயாமல் பேசுகிறாளே, அந்தப் பேச்சில்தான் அவளுடைய கதைகள் இருக்கின்றன. அந்தப் பேச்சைத் தாளில் இறக்கி வைக்க உதவுவதே உங்கள் வேலை.

அவள் மிகுந்த ஆர்வத்தோடு சொன்ன ஏதாவது ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கு அன்று தெருப்பிள்ளைகளோடு சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனபோது பாதி வழியில் சக்கரம் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எழுதச் சொல்லும் முன், அதை மறுபடியும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். நடுநடுவே, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பதைப் போல் கேளுங்கள்: நீ எங்கே நின்றாய், சக்கரம் கழன்றதை முதலில் பார்த்தது யார், அவன் என்ன சொன்னான், உன் கையில் அப்போது என்ன இருந்தது? அவள் சொல்வதை அவளுடைய சொற்களிலேயே நீங்கள் எழுதி, எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். 'இல்லை அம்மா, அவன் அப்படிச் சொல்லவில்லை, அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது' என்று அவள் குறுக்கிடுவாள். தான் சொன்னதைத் தானே திருத்த முற்படும் அந்த நேரத்தில் பென்சிலை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகள் தாமாக எழுதும்போது, காலையில் எழுந்தது, பல் துலக்கியது, இட்லி தின்றது என்று தொடங்கி, சொல்ல வந்த இடத்துக்கு வருவதற்குள் களைத்துப்போவார்கள். ஆகவே முழு நாளையும் எழுதச் சொல்லாதீர்கள். சக்கரம் கழன்றதிலிருந்து அதைக் கயிற்றால் கட்டி மறுபடி இழுக்கத் தொடங்கியது வரை, அந்த அரை மணி நேரம் போதும். அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். 'மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது' என்று அவள் எழுதினால், மகிழ்ச்சியாக இருந்தபோது நீ என்ன செய்தாய் என்று மட்டும் கேளுங்கள். கையில் வைத்திருந்த காப்பரிசியைத் தின்னவே மறந்துவிட்டேன் என்று அவள் சொல்லக்கூடும். 'மகிழ்ச்சி' என்ற சொல்லை அடித்துவிட்டு அந்த வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பயிற்சியில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் அறியேன்.

இப்படி நடந்ததைச் சில முறை எழுதிப் பழகிய பிறகு புனைகதைக்கு வருவது எளிது. நடந்ததில் ஒன்றே ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். கழன்ற சக்கரம் உருண்டோடிப் பக்கத்து வாய்க்காலில் விழுந்திருந்தால்? சப்பரத்தை இழுத்தவள் அவளாக இல்லாமல், யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத ஒரு சிறுவனாக இருந்தால்? மாற்றம் ஒன்றாக இருக்கும்போது மற்றவை எல்லாம் அவளுக்குத் தெரிந்தவையாகவே இருக்கும். அந்தத் துணையோடு அவள் துணிந்து போவாள்.

கதை நடுவழியில் நின்றுவிட்டால் இரண்டு கேள்விகள் உதவும்: கதையில் வருகிறவருக்கு என்ன வேண்டும், அது கிடைக்காமல் எது தடுக்கிறது? உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே இதற்குப் பொருள் குவிந்து கிடக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கடைமடை வாய்க்காலைத் தொடுவதற்குள் நாள்கள் பல ஆகிவிடும். வாழைமட்டையில் ஒரு படகு செய்து வைத்துக்கொண்டு, தண்ணீர் எப்போது வரும் என்று வாய்க்கால் கரையிலேயே காத்திருக்கும் ஒரு சிறுமியையும், மேலே யாரோ இறக்கி வைத்திருக்கும் ஒரு மதகுப் பலகையையும் கொடுத்துப் பாருங்கள். மதகை இறக்கியவர் யார், ஏன் இறக்கினார், அவருக்கும் தண்ணீர் தேவைதானே என்று அவளே யோசிக்கத் தொடங்குவாள். நீதி எழுத வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவையும் அப்போது இருக்காது.

அரசு நடுநிலைப்பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் 'என்னால் மறக்க முடியாத நாள்' என்று எழுதச் சொன்னேன். பெரும்பாலானோர் கஜா புயலைப் பற்றிச் செய்தித்தாளில் வருவதைப் போல ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் தன் வீட்டில் நடக்கும் சண்டைகளை அப்படியே எழுதியிருக்கிறாள். மிக நன்றாக எழுதப்பட்ட பக்கம் அது. வகுப்பில் வாசித்துக் காட்டலாமா?
- ஆசிரியர், வேதாரண்யம் வட்டம்

முதலில் அந்த மாணவியைப் பற்றி. அவளுடைய அனுமதி இல்லாமல் ஒரு வரிகூட வாசிக்காதீர்கள். பாராட்டுவதற்காக வாசித்தாலும், வீட்டுக்குள் இருந்த ஒன்று அன்று மாலைக்குள் தெரு முழுவதும் பரவிவிடும். அதன் பிறகு அவள் உங்களுக்கு உண்மையை எழுத மாட்டாள். தனியாக அழைத்து, எழுதியதைப் படித்தேன், நீ எழுதியது எனக்குப் புரிந்தது என்று சொல்லுங்கள். இது நம் இருவருக்குள் இருக்கட்டுமா, வகுப்பில் வாசிக்கலாமா, அல்லது பெயரையும் ஊரையும் மாற்றிக் கதையாக எழுதிப் பார்க்கிறாயா என்று கேட்டு, முடிவை அவளிடமே விட்டுவிடுங்கள். 'நான்' என்று எழுதக் கூச்சப்படும் பிள்ளை, 'அவள்' என்று மாற்றியதும் இன்னும் ஆழமாக எழுதுவது உண்டு. புனைகதை பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெரிய பாதுகாப்பு இது.

ஆனால் அந்தப் பக்கத்தில் அவளை யாராவது அடிப்பதாகவோ வேறு வகையில் துன்புறுத்துவதாகவோ ஓர் அறிகுறி இருந்தால், அது எழுத்துப் பயிற்சியின் எல்லையைக் கடந்துவிட்டது. மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். தலைமையாசிரியரிடம் பேசுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது உங்கள் கடமை. தெரிவிக்காமல் இருப்பது குற்றம். இப்படிப்பட்ட ஒன்றை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்; உனக்கு உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும் என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

இனிப் புயல். கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலையில். உங்கள் மாணவர்கள் அப்போது மிகச் சிறியவர்கள். அவர்கள் எழுதியது பெரும்பாலும் பின்னால் கேட்டவை. அதனால்தான் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன. நினைவில் இருப்பதையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். நினைவில் இருப்பது ஒரே ஒரு காட்சியாக இருந்தாலும் போதும். கேள்விப்பட்டதை எழுத வேண்டுமானால், வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் சொன்னதாகவே எழுதட்டும். விழுந்த தென்னைகள் எத்தனை என்பதைவிட, விழுந்து கிடந்த தோப்பைப் பார்த்ததும் தாத்தா முதலில் என்ன செய்தார் என்பதைக் கேட்டுவரச் சொல்லுங்கள்.

தலைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'மறக்க முடியாத நாள்' என்றதும் பிள்ளைகள் பெரிய நிகழ்ச்சியைத் தேடத் தொடங்கி, புயலிலும் சாவிலும் போய் நிற்கிறார்கள். சொந்தக் கதைக்குப் பெரிய நிகழ்ச்சி தேவையில்லை. உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட, 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர், 1940-இல் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியபோது முதல் அத்தியாயத்துக்கு இட்ட தலைப்பு 'எங்கள் ஊர்' என்பதுதான். உங்கள் மாணவர்களுக்கும் சிறிய தலைப்புகளைக் கொடுங்கள்: கொள்முதல் நிலையத்தில் அப்பாவோடு நெல்லுக்குக் காவல் இருந்த இரவு, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்று மூட்டையைத் திருப்பியபோது அப்பாவின் முகம், சிங்கப்பூரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு, உப்பளத்துக்குப் போய்த் திரும்பும் அம்மாவின் கால்கள். இவற்றை எழுதும் இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி எழுத முடியாது.

என் பேரனைக் கற்பனையாகக் கதை எழுதச் சொல்கிறார்கள். நடக்காததை நடந்ததாக எழுதப் பழகினால் பொய் சொல்லப் பழகிவிட மாட்டானா?
- வாசகர், திருவையாறு

உங்கள் ஐயம் நியாயமானது. அதைத் தமிழ் இலக்கணமே எதிர்கொண்டிருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையின் வகைகளைச் சொல்லும்போது, 'பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி' என்பதையும் ஒரு வகையாக வைக்கிறது. அதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் வழங்கும் பழைய உரையாசிரியர், ஒரு யானையும் குருவியும் தமக்குள் நட்புக் கொண்டு இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்று சொல்வதை எடுத்துக்காட்டாகத் தருகிறார். யானையும் குருவியும் பேசாது என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இருவருக்கும் தெரிந்திருக்கும்போது அங்கே ஏமாற்று இல்லை.

பேரனுக்கு அந்த எல்லையை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொந்த அனுபவம் என்று எழுதினால் நடக்காததைச் சேர்க்கக் கூடாது. பேசிய சொற்கள் அப்படியே நினைவில் இல்லையென்றால் நினைவுக்கு எட்டிய அளவில் எழுதலாம். சொல்ல விரும்பாததை விட்டுவிடலாம். கதை என்று எழுதினால் அவனுக்கு முழு உரிமை உண்டு. தாளின் மேலே 'நடந்தது' அல்லது 'கதை' என்று எழுதும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

மகன் ஏழாம் வகுப்பு. கதை எழுதுகிறான், ஆனால் ஒற்றுப்பிழையும் ர, ற குழப்பமும் மிகுதி. உரையாடலை 'வந்தாங்க, போனாங்க' என்று பேச்சுவழக்கிலேயே எழுதுகிறான். ஆரம்பத்திலேயே திருத்த வேண்டாமா?
- வாசகர், கும்பகோணம்

பிழைகளைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் முதல் வாசிப்பில் வேண்டாம். அவன் நீட்டும் தாளை வாங்கியதும் உங்கள் கண் சிவப்பு மையைத் தேடினால், தனக்கு எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே வைத்துச் சிறிய கதையாக எழுதித் தப்பித்துக்கொள்ள அவன் பழகிவிடுவான். முதலில் கதையைப் படித்து, அதில் உங்களுக்குப் பிடித்த ஒரு வரியைச் சுட்டிக் காட்டுங்கள். புரியாத ஓரிடத்தைக் கேளுங்கள். அவன் மறுபடி எழுதிக்கொண்டு வரும்போது ஒரு கதைக்கு ஒரு வகைப் பிழை என்று வைத்துக்கொண்டு, இம்முறை ர, ற மட்டும், அடுத்த முறை ஒற்று மட்டும் என அவனையே தேடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முற்பட்டால் எதுவும் மனத்தில் தங்காது.

பேச்சுவழக்கைப் பொறுத்தவரை உங்கள் மகன் பிழை செய்யவில்லை. மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் 1921-இல் பிறந்த எழுத்தாளர் தி. ஜானகிராமனின் பாத்திரங்கள் தஞ்சாவூர்ப் பேச்சில்தான் பேசுகின்றன. அந்தப் பேச்சு இல்லாமல் அந்த மனிதர்கள் இல்லை. கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழிலும், பாத்திரங்கள் பேசுவது அவரவர் பேச்சிலும் இருக்கட்டும். பாட்டி பேசுவதும் கடைக்காரர் பேசுவதும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று அவனிடம் கேளுங்கள். உரையாடலை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் அவனுக்கே தெரிந்துவிடும். தேர்வுத்தாளில் எழுத்துவழக்கைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையால் இரண்டையும் பிரித்துக் கையாள முடியும்.

இன்னும் எழுதத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன செய்யலாம்?
- வாசகி, நாகப்பட்டினம்

குழந்தை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். கீழே படம் வரைய இடம் விடுங்கள். சொன்னதை அழகுபடுத்தாமல் எழுதித் தேதி போட்டு வையுங்கள். மறுநாள் அதையே விரலால் தொட்டுக்கொண்டு வாசித்துக் காட்டினால், தான் சொன்ன சொல் தாளில் எங்கே இருக்கிறது என்று குழந்தை தேடத் தொடங்கும்.

பள்ளிப் போட்டிக்கும் இதழ்களுக்கும் அனுப்பும் முன், மகளின் கதையை நான் செம்மைப்படுத்தித் தரலாமா? மற்ற பெற்றோர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.
- வாசகி, பாபநாசம்

செய்யாதீர்கள். உங்கள் வரிகளுக்குப் பரிசு கிடைத்தால், தன் வரிகள் போதவில்லை என்பதை மட்டுமே அவள் தெரிந்துகொள்வாள். நடுவராக உட்கார்ந்தவர்களுக்குப் பெரியவர் கை பட்ட இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்; பத்து வயதுப் பிள்ளை 'அந்தி மயங்கும் வேளையில்' என்று தானாக எழுதுவது அரிது. எழுத்துப்பிழைகளை அவளோடு உட்கார்ந்து பார்க்கலாம், வாக்கியங்களைத் தொட வேண்டாம். பள்ளிக் கல்வித்துறை 2022-இல் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் பள்ளியில் இருக்கின்றனவா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். தன் வயதுப் பிள்ளைகள் எழுதியதைப் படித்த பிறகு எதை அனுப்புவது என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும். அனுப்பும் முன் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.