கட்டத்துக்குள் ஒரு வம்பு: வாசகர் கேள்விகளுக்குப் புதிர்ப் பித்தர் பதில்கள்

கேள்வி: கடினமான குறுக்கெழுத்தோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதில் என்ன சுகம்? மறுநாள் விடைதான் அச்சாகி வந்துவிடுகிறதே!

பதில்: நண்பர் ஒருவர் என்னை மடக்குவதற்கென்றே ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். ‘தலையை வெட்டினாலும் முளைக்கும் செய்யுள் (3)’. மூன்றெழுத்துச் செய்யுள் என்றதும் வெண்பாவைப் பிடித்தேன். அதன் தலையை வெட்டினால் ‘ண்பா’ என்று எதற்கும் உதவாமல் நின்றது. வெட்ட வெட்ட முளைத்த தலைகளைத் தேடிப் புராணங்களுக்குள் போனேன். வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாம் நாள், புதிரை மறந்துவிட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது ‘விதை’ என்ற சொல் தானாக வந்து நின்றது. முளைப்பது விதை. வெட்டிய தலையைத் திரும்ப ஒட்டினால் கவிதை! யாருமில்லாத அறையில் உரக்கச் சிரித்தேன்.

முளைப்பது தலைதான் என்று அந்தக் குறிப்பு எங்கேயும் சொல்லவில்லை. நானாக அப்படி எண்ணிக்கொண்டு மூன்று நாள் அலைந்திருக்கிறேன். அந்த அசட்டுத்தனம் பளிச்சென்று தெரியும் நொடிக்காகத்தான் பென்சில் சீவுகிறேன். விடையை அச்சில் பார்த்திருந்தால் ‘ஓகோ’ என்று பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

கேள்வி: சாதாரணக் குறுக்கெழுத்தை எளிதாக முடித்துவிடுகிறேன். குறிப்பிலேயே விடையை ஒளித்துவைக்கும் இந்த ‘கிரிப்டிக்’ வகையில் ஒரு கட்டம்கூட நிரம்புவதில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: வாக்கியத்தின் இரண்டு ஓரங்களில். விடையின் பொருள் பெரும்பாலும் முதலிலோ கடைசியிலோ இருக்கும். மற்றதெல்லாம் விடையைச் செய்துகொள்ளும் முறை. ‘நிலைகுலைந்து கலம் வர, அமளி (5)’ என்று கொடுத்தால், தள்ளாடி வரும் கப்பலையும் கூச்சலிடும் கூட்டத்தையும் உங்கள் மனம் உடனே வரைந்துவிடும். அந்தப் படத்தைக் கிழித்துப் போடுங்கள். ‘கலம் வர’ என்பதில் எத்தனை எழுத்து? ஐந்து. அவை நிலைகுலைந்தால், அதாவது இடம் மாறினால், ‘கலவரம்’. அமளி என்றால் கலவரம்தானே!

இன்னொன்று: ‘மரத்துக்குள் முடிக்காத கதவு, பச்சைக்கல் (5)’. தச்சரை மறந்துவிடுங்கள். கதவின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு, மிஞ்சிய ‘கத’வை ‘மரம்’ என்ற சொல்லுக்குள் செருகுங்கள். மரகதம். காற்புள்ளியை மட்டும் எப்போதும் நம்பாதீர்கள். புதிர் அமைப்பவனுக்கு அதைவிட விசுவாசமான கையாள் கிடையாது.

கேள்வி: ஆங்கிலேயர் விளையாட்டைத் தமிழில் ஆடுவது செயற்கையாக இல்லையா?

பதில்: கட்டம் வெளியிலிருந்து வந்தது, உண்மை. 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் என்பவர் ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்டதுதான் இன்றைய குறுக்கெழுத்துக்கு முன்னோடி. சொல்லை மடக்கிப் பேசும் வித்தையை நாம் எவரிடமும் கடன் வாங்கவில்லை. பாம்பும் தோலுரிக்கும், வாழைப்பழமும் தோலுரிக்கும் என்று இரண்டையும் ஒரே வெண்பாவில் கட்டிப்போட்டாரே காளமேகம்! அவர் கையில் கட்டமும் கொடுத்திருந்தால் நாமெல்லாம் தொலைந்திருப்போம்.

தமிழில் அமைப்பவனுக்கு ஒரு தொல்லை உண்டு. மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. ஆகவே, எழுத்துகளைக் கலைத்துப் போட்டாலும் புள்ளி வைத்தவை முதல் கட்டத்துக்கு வர முடியாது. ‘கலம் வர’ என்று பார்த்ததுமே, அந்த ‘ம்’ கடைசிக் கட்டத்துக்குரியது என்று பழகியவர் முடிவுகட்டிவிடுவார். அவரை ஏமாற்ற வேறு வழி தேட வேண்டும்.

கேள்வி: சில புதிர்கள் வேண்டுமென்றே வதைக்கின்றன. இதற்கெல்லாம் விதியே இல்லையா?

பதில்: வதைப்பதாக அவர்களே பெயர் சூட்டிக்கொண்டார்கள்! 1926 முதல் ‘அப்சர்வர்’ இதழில் புதிர் அமைத்தவர் ‘டார்க்கமாடா’ என்ற புனைபெயர் வைத்துக்கொண்டார். அது, மாற்று நம்பிக்கை கொண்டவர்களை விசாரித்து வதைத்த ஸ்பெயின் நாட்டு மதவிசாரணைத் தலைவரின் பெயர். அவருக்குப் பின் வந்த ‘சிமேனிஸ்’ பெயரும் அதே வகை. ஆனால் இந்த இரண்டாமவர்தான் ஒழுங்கு கொண்டுவந்தார்: சரியான பொருள் ஒன்று, நேர்மையான வழி ஒன்று, அதற்குமேல் எதுவும் கூடாது. ‘அஃப்ரிட்’ என்ற இன்னொருவர் 1949இல் சொன்னதன் சாரம், சொல்வதையே நினைத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் நினைத்ததைச் சொல்லியாக வேண்டும். என் குறிப்புகளை இந்தத் தராசில் நிறுத்துப் பார்த்துப் பாதியைக் கிழித்திருக்கிறேன். விடை தெரிந்த பிறகும் ‘இது எப்படி?’ என்று வாசகர் கேட்டால், தோற்றது அமைத்தவன்தான்.

கேள்வி: குறுக்கெழுத்துப் போடுகிறவர்களை உளவு வேலைக்கு எடுத்தார்களாமே?

பதில்: 1942 ஜனவரியில் ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழ், 12 நிமிடத்துக்குள் முடிக்க முடியுமா என்று ஒரு போட்டி வைத்தது. கலந்துகொண்டவர்களில் சிலருக்கு, பின்னர் ஓர் அழைப்பு வந்தது: இரண்டாம் உலகப் போரில் எதிரியின் சங்கேதங்களை உடைத்த பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய நிலையத்தில் வேலை செய்ய. எனக்கு வராது. ஒரு விதைக்கு மூன்று நாள்!

கேள்வி: உங்களை உலுக்கிய புதிர் ஏதாவது உண்டா?

பதில்: ‘அரௌகாரியா’ என்ற பெயரில் அமைத்துவந்த ஜான் கிரகாம் ஒரு பாதிரியார். 2013 ஜனவரியில், தம் 91ஆம் வயதில், ‘கார்டியன்’ நாளிதழில் வந்த புதிருக்கு ஒரு முன்குறிப்பு எழுதினார். அரௌகாரியாவுக்கு 19இல் 18 வந்திருக்கிறது என்பது போல, வெறும் கட்ட எண்களில். கட்டங்களை நிரப்பியவர்களுக்குத்தான் செய்தி புரிந்தது: உணவுக்குழாய், புற்றுநோய். அந்த ஆண்டு நவம்பரில் காலமானார். அன்று பென்சிலோடு உட்கார்ந்தவர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் கையாலேயே எழுத்து எழுத்தாக எழுதியிருப்பார்கள். அதை நினைத்தால் இன்றும் என்னவோ செய்கிறது.

கேள்வி: எங்களுக்கும் ஒரு குறிப்பு கொடுங்களேன்.

பதில்: ‘காளை தரும் பதில் (2)’. விடை எப்போது வரும் என்று கடிதம் போடாதீர்கள். இந்தப் பதிலிலேயே எழுதிவிட்டேன்.