இந்தியன் ஏர்லைன்ஸ் 605: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

1990 பிப்ரவரி 14 அன்று மும்பையிலிருந்து பெங்களூரு வந்த ஏ320 விமானம், எச்ஏஎல் விமான நிலையத்தில் இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் மோதியது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். இந்த விபத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், மழையா? இல்லை, பழைய விமானமா?

இரண்டும் இல்லை. பகல் ஒரு மணி, ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறது. விமானம் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்தே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எஞ்சினிலும் கோளாறு இல்லை.

கேள்வி: அப்புறம் எப்படி விழுந்தது? எனக்கு விமான பாஷை தெரியாது.

இறங்கும்போது ஏ320-இன் எஞ்சின் விசையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். ஆனால் எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்பது எந்த முறையில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு முறையில், வேகம் குறைந்தால் எஞ்சின் தானே விசையைக் கூட்டும். இன்னொன்று 'ஓப்பன் டிசெண்ட்'. அதில் எஞ்சின் ஐடிலிலேயே, அதாவது மிகக் குறைந்த விசையிலேயே, கிடக்கும். வேகத்தைக் காப்பாற்ற மூக்கைத் தாழ்த்த வேண்டும்.

605 கடைசிக் கட்டத்தில் இந்த இரண்டாவது முறையில் இருந்தது. கீழே அதிகம் இறங்குகிறோம் என்று விமானி மூக்கைத் தூக்கினார். எஞ்சினோ ஐடிலில். வேகம் கரையத் தொடங்கியது. இருக்க வேண்டியது 132 நாட். அது 106 வரை சரிந்தது.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. ஃப்ளைட் டைரக்டர் என்பது எப்படி ஓட்டுவது என்று விமானிக்குத் திரையில் வழிகாட்டும் கருவி. இரண்டு விமானிகளின் ஃப்ளைட் டைரக்டரையும் அணைத்தால், எஞ்சின் வேகத்தைக் காக்கும் முறைக்குத் தானாகத் திரும்பிவிடும். ஒன்றை அணைத்தார்கள், மற்றொன்று அப்படியே இருந்தது. காக்பிட் ஒலிப்பதிவில் இதைப் பற்றிய பேச்சே இருக்கிறது. ஐடிலில் இறங்குகிறோம் என்பதும் அந்தப் பேச்சில் வருகிறது. தெரிந்தும் யாரும் த்ராட்டிலை, அதாவது எஞ்சின் விசையைக் கூட்டும் லீவரை, தள்ளவில்லை.

கேள்வி: 700 என்ற எண்ணைத் தவறான குமிழில் திருகியதால்தான் விபத்து என்று படித்தேனே?

பலரும் முடிந்த விஷயம் போலவே இதைச் சொல்கிறார்கள். நிமிடத்துக்கு 700 அடி இறங்கு என்று வைப்பதற்குப் பதிலாக, பக்கத்துக் குமிழில் 700 அடி உயரம் என்று வைத்திருக்கலாம் என்பது ஊகம். பெங்களூரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. 700 அடி என்றால் பூமிக்குள். அந்த உயரத்தை நோக்கி விமானம் 'ஓப்பன் டிசெண்ட்' முறையில் இறங்கத் தொடங்கிவிடும். நம்பும்படியான ஊகம்தான், நானும் அதன் பக்கமே சாய்கிறேன். ஆனால் விசாரணை நீதிமன்றம், அந்த முறை ஏன் வந்தது என்று கண்டறிய முடியவில்லை என்றே எழுதியது. அது காரணமாகச் சொன்னது வேறு: 400, 300, 200 அடி என்று விமானமே குரல் கொடுத்தும், ஐடில் என்று தெரிந்தும், த்ராட்டிலைத் தள்ளாததுதான். குமிழ்க் கதை சுவாரசியமாக இருப்பதால் இது பின்னால் போய்விட்டது.

கேள்வி: ஏர்பஸ் கம்ப்யூட்டர் விழ விடாது என்பார்களே அண்ணா?

காப்பாற்றப் பார்த்தது. மூக்கு அளவுக்கு மேல் தூக்கினால் எஞ்சினுக்கு முழு விசை கொடுக்கும் பாதுகாப்பு இதில் உண்டு. அது வேலையும் செய்தது. ஆனால் ஐடிலிலிருந்து ஜெட் எஞ்சின் முழு விசைக்கு வரச் சில நொடிகள் ஆகும். அவ்வளவு உயரம் மிச்சம் இல்லை.

கேள்வி: அப்படியானால் விமானத்தின் மேல் குற்றமே இல்லையா?

எனக்கு ஒரு குறை உண்டு. பழைய விமானங்களில் ஆட்டோ த்ராட்டில் வேலை செய்தால் லீவரும் நகரும், கைக்கே தெரியும். ஏர்பஸ்ஸில் லீவர் ஒரே இடத்தில் நிற்கும். திரையைப் பார்த்தால்தான் புரியும். அதற்காக வேகமானியைப் பார்க்காமல் இருந்ததற்கு ஏர்பஸ்ஸைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: இருவரில் யார் ஓட்டியது? மற்றவர் என்ன செய்தார்?

இடது இருக்கையில் இருந்தவர். இரண்டு பேருமே கேப்டன்கள். இடப்பக்கத்தவர் ஏ320-இல் கேப்டனாகப் பறக்க அனுமதி பெறுவதற்கான சோதனையில் இருந்தார், வலப்பக்கத்தவர் சோதிப்பவர். இந்த ஜோடி எப்போதுமே சிக்கலானது. சோதிப்பவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும், இவர் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று அவரும் இருந்துவிட வாய்ப்பு உண்டு. அன்று அப்படித்தான் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: இதே மாதிரி வேறு விபத்து?

1992 ஜனவரி 20, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் அருகே ஏர் இன்டர் 148, அதுவும் ஏ320. 3.3 டிகிரி சரிவு என்று நினைத்து வைத்த எண், நிமிடத்துக்கு 3,300 அடி இறக்கமாகிவிட்டது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இரவில் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். அதன்பிறகு அந்த எண் திரையில் நான்கு இலக்கமாகத் தெரியும்படி மாற்றினார்கள்.

கேள்வி: 2010 மங்களூர் விபத்தும் இதே வகையா?

இல்லை. அங்கே விமானம் உயரமாக வந்து, ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளி இறங்கி, மறுமுனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். இரண்டிலும் ஒன்று பொது: இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வர நேரம் இருந்தது.

கேள்வி: 605-க்குப் பிறகு மற்ற ஏ320-களை ஓட்டினார்களா?

உடனே நிறுத்திவிட்டார்கள். இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன.