கையடக்க ஜிபிஎஸ் கருவி வாங்கியிருக்கிறேன், எங்கிருந்து தொடங்குவது? போனே போதாதா?

"போனே போதுமே" என்று நாலு பேர் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் வந்தேன்.

நீங்கள் மலையேற்றத்துக்கு வாங்கியிருப்பீர்கள். எனக்குத் தெரிந்தது கடல். காசிமேட்டில் சித்தப்பாவின் ஃபைபர் போட்டில் இந்தக் கருவி எப்போதும் இருக்கும். சிக்னல் இல்லாவிட்டாலும் போன் ஜிபிஎஸ் வேலை செய்யும், தெரியும், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் இதில் ஈரக்கையோடு பட்டனை அழுத்தலாம், ரெண்டு பென்சில் பேட்டரி மாற்றினால் மறுபடி ஓடும்.

முதலில் மொட்டை மாடியில் ஆன் செய்து அப்படியே வையுங்கள். நாலு சாட்டிலைட்டாவது கிடைத்தால்தான் இடம் சரியாகத் தெரியும், புதுக் கருவிக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அப்புறம் வீட்டை ஒரு பாயிண்ட்டாகப் பதிந்துவிட்டு, நாலு தெரு சுற்றி, அதைப் பார்த்தே திரும்பி வாருங்கள். கார்மின் இடிரெக்ஸ் 22எக்ஸ் மாதிரி காம்பஸ் இல்லாத மாடலில் நடந்தால்தான் அம்பு திரும்பும், கெட்டுப்போச்சு என்று கடைக்கு ஓடாதீர்கள்.

முக்கியமானது இடத்தைக் குறிக்கிற எண்ணை (அட்சரேகை, தீர்க்கரேகை) எழுதும் முறை. ஒருமுறை யாரோ ஒரு பாரின், அதாவது கடலடிப் பாறையின், பாயிண்ட்டை வாட்ஸப்பில் அட்சரேகை 13.125 என்று அனுப்ப, சித்தப்பாவின் கருவி டிகிரி, நிமிடக் கணக்கில் இருந்ததால் என் தம்பி 13 டிகிரி 12.5 நிமிடம் என்று அடித்துவிட்டான். 0.125ஐ 60ஆல் பெருக்கி 7.5 நிமிடம் என்று போட்டிருக்க வேண்டும். ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். சித்தப்பா ஸ்கிரீனில் தூரத்தைப் பார்த்ததுமே, "ஏய், இது எண்ணூர் பக்கம் இழுக்குதுடா, அந்தப் பாரு நம்ம கரைக்கு நேரால்ல இருக்கு" என்றார். கரையில் தெரிகிற ரெண்டு அடையாளத்தை ஒரே கோட்டில் வைத்துப் பாரைப் பிடித்த ஆள் அவர். தம்பி இன்ஜினியர், அவனிடம் இதைச் சொன்னால் இன்னும் கோபம் வரும். நீங்களும் கிளம்புமுன் காட்டுகிற தூரம் நம்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடலுக்கடியில் இருக்கிற பாறையைக் கண்டுபிடிக்கிறோம், எங்கள் வீட்டுக்குக் கொரியர் வரமாட்டேன் என்கிறது. கதவில் பழைய எண், புதிய எண் என்று ரெண்டு, அதே புதிய எண் அடுத்த வீட்டுக்குப் பழைய எண். லொகேஷன் அனுப்பினாலும் போன் செய்து "எந்த வீடு சார்?" என்பார்கள். சரி, விடுங்கள்.

இன்னொன்று. வெறும் ஜிபிஎஸ் சிக்னலை வாங்கத்தான் செய்யும், பிரச்சினை இல்லை. சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்புகிற இன்ரீச் மாதிரி கருவியை நம் நாட்டில் அனுமதியில்லாமல் வைத்திருக்கக் கூடாது. அமெரிக்காவிலிருந்து மச்சான் பாசமாக வாங்கி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மீனம்பாக்கத்திலேயே மாட்டிக்கொள்வார்.