செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ சி சேனலில் ஏன் இறங்க மறுக்கிறது?

வீட்டுப் பின்பக்கம் தகரக் கொட்டகை போடுகிறீர்கள், ஸ்க்ரூ சி சேனலில், அதாவது C வடிவ இரும்புச் சட்டத்தில், வழுக்குகிறது, சரக்கு மட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரரைத் திட்டும் முன் நுனியைப் பாருங்கள்.

நுனி ஊசிபோல் கூராக இருந்தால் அது துளை போடுகிற ஜாதி இல்லை. நாம் போட்டுவைத்த துளைக்குள் மரையை மட்டும் தானே போட்டுக்கொள்ளும். நுனி டிரில் பிட் மாதிரி, பக்கத்தில் பள்ளத்தோடு இருந்தால் துளை, மரை இரண்டுமே அதன் வேலை. எங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் இரண்டையும் ஒரே பெயரில்தான் கேட்டு வாங்குகிறார்கள், குழப்பம் அங்கேதான்.

செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவின் மேல்பரப்பைச் சூடாக்கிக் கடினப்படுத்தியிருப்பார்கள். அதனால் தன்னைவிட மிருதுவான இரும்பைச் சீவியோ, ஒதுக்கித் தள்ளியோ மரை உண்டாக்கும். பின்னால் நட்டு வேண்டாம், ஒரு பக்கம் கை எட்டினால் போதும். ஏர்கான் குழாய், கார் உள்பாகம், ஃபேன் மூடி எல்லாவற்றிலும் இது இருப்பது அதனால்தான்.

கூர்நுனி ஸ்க்ரூவே கையில் இருக்கிறதென்றால் முதலில் துளை போடுங்கள். 8-ஆம் நம்பர் அளவு ஸ்க்ரூவின் தடிமன் 4.2 மி.மீ. மெல்லிய தகரத்துக்கு 3 மி.மீட்டரைச் சற்றே தாண்டிய துளை சரியாக வரும். டிரில் நுனி வகையிலும் ஒரு கணக்கு உண்டு: நுனி முழுதும் துளைத்து வெளியேறிய பிறகுதான் மரை இரும்பைத் தொட வேண்டும். சேனல் தடிமனாக, நுனி குட்டையாக இருந்தால் மரை முந்திக்கொண்டு இழுக்கும், ஸ்க்ரூ ஒடிந்துவிடும்.

கூரை ஒழுகுவதற்குப் பெரும்பாலும் ஸ்க்ரூ காரணமில்லை, முறுக்குகிற கைதான். ஸ்க்ரூ தலைக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷர் ஓரத்தில் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். தகரம் குழிந்தால் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், வாஷர் சீக்கிரம் வெடிக்கும். தகர நெளியின் மேட்டில் ஸ்க்ரூவை அடியுங்கள், தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் வேண்டாம். சுருள் சுருளாக விழும் இரும்புத் தூளை அன்றைக்கே பெருக்கிவிடுங்கள். நம் ஊர் சாயங்கால மழை ஒன்று போதும், புதுத் தகரத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு ஏறிவிடும்.

அப்புறம், கழற்றியதைத் திரும்ப மாட்டும்போது மெஷினை நேராக வைக்காதீர்கள். கையால் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். டக்கென்று பழைய மரையில் உட்காரும், அதன்பிறகு முறுக்குங்கள். பிளாஸ்டிக்கில் இதைச் செய்யாவிட்டால் இரண்டாம் தடவையே துளை தேய்ந்துபோகும்.