கப்பலுக்குப் போனவரின் வீட்டார் கேட்டவை

நான் வல்வெட்டித்துறைக்காரன். வணிகக் கப்பல்களில் இருபத்தாறு வருடம், அதில் கடைசி ஒன்பது வருடம் போசனாக (டெக் மாலுமிகளின் தலைவனாக) வேலை செய்துவிட்டுக் கரைக்கு வந்தவன். டெக் வேலையும் கப்பல் வாழ்க்கையும் தெரியும். எஞ்சின் அறை விஷயங்களை எஞ்சின்காரரிடம் கேளுங்கள்.

பருத்தித்துறை, ஒரு அம்மா: மகனின் கப்பலைப் போனில் பார்ப்பேன். ஐந்து நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது. பயமாக இருக்கிறது.

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது அம்மா. அந்த இலவசச் செயலி, கப்பல் அனுப்பும் சமிக்ஞை கரையில் உள்ள கருவிகளுக்கு எட்டினால்தான் காட்டும். கரையை விட்டுச் சில பத்துக் கடல்மைல் போய்விட்டால் எட்டாது. செய்மதி வழியாகப் பார்க்கக் காசு கட்டவேண்டும். நீங்கள் பார்ப்பது கடைசியாகச் சமிக்ஞை கிடைத்த இடம். கப்பல் எப்போதோ தாண்டிப் போயிருக்கும். செங்கடல் பக்கம் சில கப்டன்மார் பாதுகாப்புக்காக அந்தச் சமிக்ஞையை நிறுத்தியும் வைப்பார்கள். இன்னொன்று: “மகனின் கப்பல் நாளைக்கு ஏடனைக் கடக்கிறது” என்று முகநூலில் போட்டுவிடாதீர்கள்.

உடுப்பிட்டி, ஒரு மனைவி: முன்பெல்லாம் நெடுநேரம் கதைப்பார். இப்போது இரண்டு நிமிடத்தில் நித்திரை வருகிறது என்கிறார். என்னோடு கோபமா?

அவர் எந்த வாட்ச், அதாவது எந்த நேரக் காவல் முறை என்று கேட்டீர்களா தங்கச்சி? பன்னிரண்டு–நாலு வாட்ச் என்றால் நடுச்சாமம் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை நிற்கவேண்டும், பகலிலும் அதே நேரம். அதற்கு மேல் ஓவர்டைம். சட்டப்படி 24 மணித்தியாலத்தில் 10 மணித்தியாலமாவது ஓய்வு, ஏழு நாளில் 77. அந்தப் பத்தையும் இரண்டாகப் பிரிக்கலாம், ஒரு துண்டு ஆறு மணித்தியாலமாவது இருந்தால் போதும். ஆக, சில நாட்களில் முறியாத நித்திரை அந்த ஆறுதான். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும்போது அதுவும் கடதாசியில் மட்டும் இருக்கும்.

அப்புறம் மணிக்கூடு. மேற்கே போகப் போக இரவில் ஒவ்வொரு மணித்தியாலமாகப் பின்னுக்குத் தள்ளுவார்கள். பிரேசில் கரையில் நின்றால் நம்மைவிட எட்டரை மணித்தியாலம் பின்னுக்கு. உங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஓய்ந்த நேரம், அவருக்கு விடியாத நேரம். மின்சார பில், வேலிச் சண்டை எல்லாவற்றையும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் கொட்டாமல், குரல் செய்தியாக அனுப்பிவிடுங்கள். எழும்பியதும் கேட்பார்.

கரவெட்டி, ஒரு தம்பி: கப்பலில் ஏற்றிவிட ஏஜென்ட் ஆறு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006, வேலை பிடித்துக் கொடுப்பதற்கு மாலுமியிடம் காசு வாங்கக்கூடாது என்கிறது. மருத்துவச் சான்றிதழ், கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம், இவற்றின் செலவு மட்டும் உங்களுடையது.

நெல்லியடி: ஒரு ஏபிக்குச் சம்பளம் எவ்வளவு?

ஏபி என்றால் டெக்கில் வேலை செய்யும் தேர்ந்த மாலுமி. அவருக்குச் சர்வதேசக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2026 தை முதல் மாதம் 690 டொலர். ஓவர்டைம், லீவுக் காசு அதற்கு மேல்.

அல்வாய், ஒரு மருமகள்: மாமி கடும் வருத்தம், ஆஸ்பத்திரியில் இருக்கிறா. இவர் இறங்க இன்னும் ஐந்து மாதம். “சொல்லவேண்டாம், நடுக்கடலில் நின்று என்ன செய்வான்” என்று மச்சான் மறிக்கிறார். சொல்வதா, விடுவதா?

சொல்லுங்கள். இன்றைக்கே.

2004இல் பிரேசிலிலிருந்து சீனாவுக்கு இரும்புத்தாது கொண்டுபோனோம். நாற்பது நாள் ஓட்டம். புறப்பட்டு ஐந்தாம் நாள் அம்மா செத்துப்போனா. எனக்குத் தெரியாது. நடுவில் ஒருமுறை செய்மதிப் போனில் எடுத்தேன். அக்கா “அம்மா நித்திரை” என்றா. நிமிடத்துக்கு நிமிடம் டொலர் ஓடுகிற போன்; எழுப்பச் சொல்லவில்லை. சீனாவின் சிங்டாவோ துறைமுகத்தில் இறங்கியதும் அம்மாவுக்கு ஒரு கம்பளி வாங்கிவிட்டுத்தான் திரும்பக் கோல் எடுத்தேன். அதற்குள் எட்டுச் செலவும் முடிந்து, கீரிமலையில் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. தாய்க்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் கடைக்குட்டி. அது நான். அண்ணா வைத்தார்.

கொக்குவில், ஒரு தங்கை: இது சரியில்லை அண்ணை. அப்பா செத்ததை எங்கள் அண்ணாவுக்கு இரண்டு மாதம் மறைத்தோம். உயரத்தில் ஏறி வேலை செய்கிறவன். மனம் குழம்பிக் கால் தவறியிருந்தால்?

நியாயமான பயம். அதனால்தான் அவனுக்கு நேரே வாட்ஸ்அப்பில் போடாதீர்கள் என்கிறேன். முதலில் கம்பனியின் ஆள்சேர்ப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள். அவர்கள் கப்டனுக்கு அறிவிப்பார்கள். கப்டன் கூப்பிட்டு, கூட்டாளி ஒருவனைப் பக்கத்தில் வைத்துச் சொல்லட்டும். வாட்சுக்கு ஏறுமுன் வேண்டாம். நான் போசனாக இருந்தபோது இப்படி மூன்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் உயர வேலை இல்லை, தனியே விடுவதும் இல்லை. நடுக்கடலிலிருந்து ஒருவரும் கொண்டுவரமாட்டார்கள். அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்களா என்பது கொன்ட்ராக்டைப் பொறுத்தது. அதை இப்போதே எடுத்து வாசியுங்கள்.

தொண்டைமானாறு, ஓய்வுபெற்ற செகண்ட் மேட்: நான் எதிர். எனக்கு நடுக்கடலில் அப்பாவின் செய்தி வந்தது. கரை காணப் பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கமாட்டேன்.

அண்ணை, பட்டவரை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அதற்குப் பிறகு வீட்டில் “எல்லாரும் சுகம்” என்று சொன்னால் நம்பினீர்களா? நான் நம்பவில்லை. கப்பலை விடும்வரை ஒவ்வொரு கோலிலும் ஆட்களை ஒவ்வொருவராகப் போனுக்குக் கூப்பிட்டுக் குரல் கேட்பேன். மனைவிக்கு அது பெரிய அவமானம். “நான் சொன்னால் காணாதா” என்று அழுதிருக்கிறா.

தொண்டைமானாறு, மீண்டும்: நம்பினேன். எனக்குத்தான் சொன்னார்களே.

சரி அண்ணை. அல்வாய் மருமகள் இதையும் மச்சானுக்கு வாசித்துக் காட்டட்டும்.

மானிப்பாய்: நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் நினைக்கிறேன். சோமாலியக் கொள்ளையர் பிடித்தால் என்ன செய்வது?

2017 பங்குனியில் ஏரிஸ் 13 என்ற கப்பலைப் பிடித்தார்கள். இலங்கையர் எட்டுப் பேர், மூன்று நாளில் விடுபட்டார்கள். எல்லாருக்கும் அப்படி அமைந்ததில்லை, வருடக்கணக்கில் இருந்தவர்களும் உண்டு. வீட்டார் செய்யக்கூடியது: கப்பலின் பெயர், ஐஎம்ஓ இலக்கம் (ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள தனி அடையாள இலக்கம்), கம்பனியின் அவசரத் தொலைபேசி மூன்றையும் கொப்பியில் எழுதி வையுங்கள். போனில் மட்டும் வைத்தால் போனோடு போய்விடும்.

சாவகச்சேரி: ஏஜென்ட் நாலு லட்சத்துக்கு இறங்கி வந்திருக்கிறார். இப்போது கொடுக்கலாமா?

ஒரு ரூபாய்க்கு இறங்கினாலும் வேண்டாம்.

குருநகர், ஒரு தகப்பன்: மகனுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. கப்பல் வெளியே நங்கூரத்தில் நிற்கிறது.

இது அவசரம் ஐயா. இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே உடன்படிக்கைப்படி கைவிடப்பட்டதாகக் கோரலாம். காப்புறுதி நாலு மாதச் சம்பளம் வரையும், வீடு வரும் செலவும் தரவேண்டும். அந்தக் காப்புறுதிச் சான்றிதழைக் கப்பலில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருப்பார்கள். மகனிடம் இன்றைக்கே அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐரிஎஃப் என்ற தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கும் எழுதுங்கள். வெற்றுத்தாளில் மகன் கையெழுத்து வைக்கக்கூடாது.

அச்சுவேலி: உல்லாசக் கப்பலில் சமையற்காரர் வேலை எப்படி?

அது வேறு உலகம். போனவர்களைக் கேளுங்கள்.

அல்வாய், அதே மருமகள்: கம்பனிக்கு அறிவித்துவிட்டேன். கப்டனே அவரோடு கதைத்தாராம். அந்தக் கம்பளி என்னவாயிற்று அண்ணை?

அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இங்கே மார்கழியிலும் அவ்வளவு குளிர் இல்லை.

கோப்பாய்: ஏபி சம்பளம் எவ்வளவு என்று சொல்லவில்லையே?

690. மேலே இருக்கிறது.